ஏழாவது துண்டைக் காத்த ஊர்

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் வியாழக்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு அரிசி அளக்கக் கிளம்பும் அவசரத்தில் மகளை எழுப்பப் போன சண்முகவடிவு, ஆறு வயது பூவிகாவின் வலது கைக் கட்டைவிரல் அடியிலிருந்து நூல் கனத்தில் ஒன்று கிளம்பி, தலையணையைத் தாண்டி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே வெளியேறி, தெருவிளக்குக் கம்பத்தை உரசிக்கொண்டு மேற்கே போவதைப் பார்த்தாள். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பூவிகா கண்ணைத் திறந்து, "இழுக்காதம்மா, குறுகுறுங்குது" என்றாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். வலிக்காததை எதற்கு அறுக்க வேண்டும் என்று வடிவு அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ராஜகனியைப் பிள்ளைக்குத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு, அந்த நூல் போன வழியே நடந்தாள்.

அது ரேஷன் கடையைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, மேலக்கரிசலில் இருந்த ஒரே கல்யாண மண்டபமான பொன்மணி மஹாலின் சமையற்கட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது. மண்டப மேனேஜர் சுயம்புலிங்கம் சாவிக்கொத்தும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்.

"நேத்து பூட்டும்போது இது இல்லக்கா" என்றார். "கல்யாண வீட்டுக்காரங்க போனதும் நான்தான் கூட்டி விட்டேன். ஒரு பூவிதழ்கூட இல்ல."

உள்ளே, நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்க, மணமேடையிலிருந்து வாசல்வரை, தரையிலிருந்து உத்தரம்வரை, பதநீர் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மேல்பக்கத்திலிருந்து கிளை கிளையாகக் கைகள் நீண்டு மின்விசிறிகளைத் தழுவிக்கொண்டிருந்தன. அதற்குள்ளே என்னென்னவோ ஓடின, நின்றன, திரும்பின, ஒன்றையொன்று தாண்டிப் போயின, சந்தை நாளின் கூட்டம்போல, ஆனால் சத்தமே இல்லாமல். நடுவில் ஒரு பெரிய உருண்டை அறை தெரிந்தது. வடிவு எத்தனை நேரம் அதைப் பார்த்தபடி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்குச் சத்துணவு அரை மணி நேரம் தாமதமானது.

அரசு மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை ஹெப்சிபா மத்தியான இடைவேளையில் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு சுற்று வந்தார்.

"நரம்புச் செல்" என்றார். "கழுத்துத் தண்டுவடத்துக்குள்ள, கண்ணுக்கே தெரியாத அளவுல இருக்க வேண்டியது. வெளியில போகுதே, அது இதோட வால். ஏதோ ஒரு தசையில போயி முடியும்."

"யாரோட செல்லு டீச்சர்?" என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

"எம்மகளோடது" என்றாள் வடிவு.

பூவிகாவை ஊருக்கே தெரியும். உட்காருவாள், நடந்ததில்லை. போன வருடம்வரை பென்சில் பிடித்தவள், இந்த வருடம் தோசைத் துண்டைக்கூட நழுவவிடுகிறாள். மதுரையில் பார்த்த டாக்டர், தண்டுவடத்து நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மெலிந்து போகின்றன, அவை போகப் போகத் தசையும் போகும், கடைசியில் மூச்சு இழுக்கிற தசையும் போகலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து வடிவு மகள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஊர் அந்தச் செல்லை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி: முதல் நாள் சூடம் கொளுத்தினார்கள், டீச்சர் புகை ஆகாது என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள், இரண்டாம் நாள் லைன்மேன் ஏணி போட்டு ஏறி, செல்லின் வாலைக் கேபிள் டிவி வயர்களோடு உரசாதபடி சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிவிட்டார், மூன்றாம் நாள் வைக்கோல் லோடு ஏற்றி வந்த லாரிக்காரர், யாரும் சொல்லாமலே தெருமுனையில் நிறுத்தி, பாரத்தைக் குறைத்துக்கொண்டு அதற்கு அடியில் குனிந்தாற்போல ஊர்ந்து போனார், ஒரு வாரத்தில் பாதிரியாரும் வந்து பார்த்தார், பள்ளிவாசல் இமாமும் வந்து பார்த்தார், பஞ்சாயத்துத் தலைவி வந்து செல்லுக்கு வெயில் படாமல் மேற்குச் சுவர் ஜன்னல்களுக்குப் பச்சை வலை கட்டச் சொன்னார், பத்து நாளில், புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் வழி கேட்டால், செல்லுக்கு எதிர்த்த சந்து, செல்லுக்கு ரெண்டு வீடு தள்ளி என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

உள்ளே நுழையலாம் என்று கண்டுபிடித்தது வடிவுதான். சவ்வில் கை வைத்தாள், கை போயிற்று. பின்னாலேயே தோளும் காலும் போயின. ஹெப்சிபாவும் நுழைந்தார். நடு அறைக்கு அவர் உட்கரு என்று பெயர் சொன்னார். அதன் சுவரெல்லாம் வாசல்கள். அறைக்குள் ஆள் உயரச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருந்தன, அவைதான் டி.என்.ஏ., பூவிகாவை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தது முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றார். அவற்றில் அங்கங்கே முடிச்சு தளர்ந்து, எழுத்து வெளியே தெரிந்த இடங்களிலிருந்து, புதிதாக எழுதப்பட்ட நாடாக்கள் ஈரம் காயாமல் வழிந்து வந்துகொண்டிருந்தன.

"இதுதான் ஆர்.என்.ஏ." என்றார் டீச்சர். "அங்க இருக்கறதப் பாத்து எழுதுன நகல். இதுல பெரும்பகுதி வேண்டாதது. வேண்டாத நீளத்த வெட்டி எடுத்துட்டு, வேண்டிய துண்டுகள மட்டும் ஒட்டுனாத்தான் வாசல் தாண்டி வெளிய விடும். முப்பது வருசமா கரும்பலகையில வரைஞ்சிட்டிருக்கேன் வடிவு. இப்படி இருக்கும்னு நெனைக்கல."

நாடா வழிய வழிய, அதன்மேல் புரதங்கள் வந்து உட்கார்ந்தன. பனங்காய் அளவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாடாவில் ஒரு சில எழுத்துகள் மட்டும்தான் தெரியும், அந்த எழுத்துகள் வரும்வரை தடவிக்கொண்டே போகும், வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சில புரதங்கள் உட்கார்ந்த இடத்தில், இந்தத் துண்டை வைத்துக்கொள் என்று ஆகிவிடும். சில உட்கார்ந்தால், இதை விட்டுவிடு என்று ஆகிவிடும். அவை உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் வெட்டுகிற கூட்டம் வரும். மொத்தமாக வராது, ஒரு பகுதி வந்து வேண்டாத நீளத்தின் தொடக்கத்தைத் தொட்டுக் குறிக்கும், இன்னொரு பகுதி வந்து அதன் முடிவுக்குப் பக்கத்தில் உட்காரும், மற்றவை வந்து சேரச் சேர நாடா வளைந்து ஒரு கண்ணியாகும், ஒரு நொடியில் கண்ணி அறுந்து விழும், இருபுறத்துத் துண்டுகளும் தழும்பே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். உடனே அந்தக் கூட்டம் கலைந்துபோய் வேறொரு நாடாவில் கூடும். விழுந்த கண்ணி கரைந்துவிடும்.

"எல்லார் உடம்புலயுமா டீச்சர் இது நடக்குது?"

"எல்லார் உடம்புலயும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும். நீ அரிசி அளக்கும்போதும், நான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதும்."

வடிவு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்த ஆயாம்மாவின் விரல்களையும், வரிசையில் தட்டோடு நின்ற பிள்ளைகளின் கழுத்துகளையும் அவள் பார்த்த பார்வையில், என்னக்கா அப்படிப் பாக்கீங்க என்று ஒரு பிள்ளை கேட்டேவிட்டது.

தினமும் சமையல் முடிந்ததும் மண்டபத்துக்குப் போய் உட்கருவுக்குள் உட்கார்ந்துவிடுவாள். எண்ணுவது அவளுக்குப் பழக்கம். சுருள்களின் கிழக்குப் பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வழிகிற ஒரு நாடாவில் வேண்டிய துண்டுகளைத் தொடர்ந்து எண்ணியதில், ஏழாவது துண்டு, இருப்பதிலேயே சின்னது, பத்துத் தடவையில் ஒன்பது தடவை காணாமல் போவதைக் கண்டாள். ஆறுக்குப் பிறகு நேராக எட்டு ஒட்டிவிடும். ஏழு, கண்ணியோடு சேர்ந்து விழுந்துவிடும். டீச்சரைக் கூட்டி வந்து காட்டினாள். ஹெப்சிபா மண்டியிட்டு அந்தத் துண்டை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. வைன்னு சொல்ற புரதத்துக்கு இங்க பிடி கெடைக்கல, வழுக்கிருது. அதோட, இந்தத் துண்டு முடிஞ்சு கொஞ்சம் தள்ளி, இங்க பாரு, பதினஞ்சு எழுத்து. இந்த இடத்துல விடுன்னு சொல்றது வந்து உக்காந்துருது." இரண்டு உள்ளங்கை விரித்தாற்போன்ற ஒரு புரதம் அங்கே உட்கார்ந்திருந்தது. "ஏழு இல்லாம செய்யுற பொருள் நிக்காது, உடனே உடைஞ்சிரும். அந்தப் பொருள் இல்லாமத்தான் நரம்புச் செல் மெலியுது."

ஊர் அதற்கு ரெட்டைக்கையன் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் கோபம் வந்தது. பார்க்க வருகிறவர்கள், இவன்தானா என்று முறைத்துவிட்டுப் போனார்கள்.

பத்தொன்பதாம் நாள் வடிவின் கணவன் கனிராஜ் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்தான். லாரியை நிறுத்தியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் மண்டபத்துக்கு வந்து, சுயம்புலிங்கம் சொன்னதை முழுக்கக் கேட்டு, ஒரு யூரியாச் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கண்ணில் பட்ட ரெட்டைக்கையன்களையெல்லாம் நாடாக்களிலிருந்து பிய்த்துச் சாக்கில் போட்டான். யாரும் தடுக்கவில்லை. சிலர் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்கள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தான், வெயிலில் கொட்டிக் காயவிடுவதற்கு.

பள்ளிக்கூடத்தில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த வடிவிடம் ராஜகனி ஓடி வந்தாள். "மயினி, பிள்ள அழுதா. வெரலு வெறைச்சுப் போச்சு, சில்லுனு இருக்கு. வாலும் வெளுக்குது."

வடிவு மண்டபத்தை எட்டிப் பார்த்தபோது, பதநீர் நிறம் சோற்றுக் கஞ்சியாகக் கலங்கியிருந்தது. உட்கருவுக்குள் நாடாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. வேண்டாத நீளங்கள் வெட்டுப்படாமல் தொங்கின. வெட்டக் கூடாத இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. வெட்டுகிற கூட்டம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. கனிராஜ் சாக்கோடு போனதைச் சுயம்புலிங்கம் சொல்ல, அவள் கண்மாய்க்கு ஓடினாள்.

கரையில் கனிராஜ் சாக்கின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கொட்டாதீங்க" என்றாள்.

"எம்பிள்ளையத் தின்னுட்டிருக்கு வடிவு இது."

"அது தின்னல. அது இல்லாம அங்க நூறு நாடா கெட்டுக் கெடக்கு. மத்த எடத்துலல்லாம் அது ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, நம்மதான் பாக்கல. பிள்ளைக்கு வெரலு வெறைச்சுப் போச்சு, வாங்க."

அவன் நகரவில்லை. மூன்று மாநிலம் தாண்டி ஓட்டி வந்த கண் சிவந்திருந்தது. "அப்ப யாரத்தான் நான் அடிக்க" என்று கேட்டான்.

வடிவு குனிந்து சாக்கின் வாயை மறுபடி கட்டினாள். சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் தூக்கிக்கொண்டு ஊர்நடுவே வந்தபோது, காலையில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தவர்கள் வழிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உட்கருவுக்குள் சாக்கைச் சாய்த்ததும் ரெட்டைக்கையன்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து, நாடாக்களைத் தடவி, தங்கள் எழுத்துகளைத் தேடிப் பிடித்தன. அவை பிடிக்கப் பிடிக்கச் சிக்கல் பிரிந்தது. கடைசி இரண்டும் சோர்ந்திருந்தன. வடிவு அவற்றை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு முன்னால் அந்தக் கிழக்குப் பக்கத்து நாடா வழிந்து வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஏழுக்கு அடுத்த அந்தப் பதினைந்து எழுத்தின் மேல், களைப்பில் கையை ஊன்றிக்கொள்வதுபோல, அவள் உள்ளங்கை இரண்டையும் வைத்தாள்.

ஒரு ரெட்டைக்கையன் தடவிக்கொண்டு வந்தது. அவள் விரல்களின்மேல் ஏறிப் பார்த்தது, எழுத்து கிடைக்காமல் இறங்கி வேறு நாடாவுக்குப் போய்விட்டது. வெட்டுகிற கூட்டத்தின் முதல் பகுதி வந்தது. ஏழாவது துண்டின் ஓரத்தைத் தொட்டுக் குறித்தது. மற்றவை கூடின. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஒரு கண்ணி வளைந்து விழுந்தது, ஏழுக்கும் எட்டுக்கும் இடையே ஒரு கண்ணி அவள் கைக்கடியில் வெதுவெதுப்பாக வளைந்து விழுந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று ஒட்டிய நாடா, அவள் மடியைத் தொட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிற்று.

 பார்த்துக்கொண்டு நின்ற கனிராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இருபது நிமிடம் காத்திருந்து, அடுத்த நாடாவில் அவன் கை வைத்தான்.

அன்று சாயங்காலம் வடிவு சத்துணவு வருகைப் பதிவேட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து முறை எழுதினாள். ஆளுக்கு ஒரு மணி நேரம், மூன்று நாடா. நகம் வெட்டியிருக்க வேண்டும், எண்ணெய்க் கை ஆகாது, பிடித்தபின் பேசலாம் ஆனால் கையை எடுக்கக் கூடாது. முதலில் சொந்தக்காரர்கள் பெயர் கொடுத்தார்கள், பிறகு தெருக்காரர்கள், பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து கூட்டமாக வந்தார்கள், பிறகு கீழூரிலிருந்து, பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள், ஒரு ஆட்டோவில் ஏறி வந்து வரிசையில் நின்றார்கள். பகலும் இரவும் முறை ஓடியது. ஒரு நாடாகூடத் தப்பவில்லை. சண்டைகள் வந்தன; தன் முறையை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்றுதான் வந்தன.

ஒரு முகூர்த்த நாளில், பொன்மணி மஹாலில் நடந்திருக்க வேண்டிய கல்யாணம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. பெண் வீட்டார் முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் மாலதேவி, மருதாணிக் கையை டீச்சரிடம் நீட்டி, "இது ஆகுமா?" என்று கேட்டாள். காய்ந்திருந்தால் ஆகும் என்றார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் பிடித்துவிட்டு வந்தாள். வெளியே வந்தவள் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள்.

செல் தெளிந்தது. கைகள் உத்தரத்தில் புதிதாகப் படர்ந்தன. நாற்பதாம் நாள், பூவிகாவின் உள்ளங்கைக்குள் நுழைகிற இடத்தில் வாலின் நுனி பிரிந்து சின்னச் சின்னக் கிளைகள் விடுவதை ராஜகனி பார்த்தாள். பக்கத்துச் செல்கள் செத்து, ஆதரவில்லாமல் கிடக்கிற தசைநார்களை இது போய் எடுத்துக்கொள்கிறது என்று ஹெப்சிபா விளக்கினார். பலம் உள்ள நரம்புச் செல் அப்படிச் செய்வது உண்டு, ஆனால் அதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தெருவே வடிவு வீட்டு ஜன்னலில் முறை வைத்துப் பார்த்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் மண்டபம் காலியாக இருந்தது. அந்த நேரம் முறையிலிருந்த தபால்காரர் தரையில் உட்கார்ந்தபடி, விரித்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பங்களில் சைக்கிள் டியூப் மட்டும் தொங்கியது. முறைக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள், கழுவித் துடைத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். வடிவு வீட்டுக்கு ஓடினாள். பூவிகா உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலில் நூல் இல்லை. அவள் அந்த விரலை மடக்கினாள், நீட்டினாள், ஆட்காட்டி விரலோடு சேர்த்து அழுத்தினாள், அம்மா முகத்தைப் பார்த்து மறுபடி மடக்கினாள். மற்ற விரல்கள் அப்படியே கிடந்தன.

"ஒரு செல்லுதானா டீச்சர்?" என்று கனிராஜ் கேட்டான். "இவ்வளவு பேரு, இத்தன நாளு."

"ஒரு செல்லுதான்" என்றார் ஹெப்சிபா. "இது மாதிரி அவ தண்டுவடத்துல ஆயிரக்கணக்குல இருக்கு."

அதைக் கேட்டு ஊர் சோர்ந்துபோகும் என்று அவர் பயந்திருந்தார். ஆனால் தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், எதிரே நிற்கிற ஒவ்வொருவருக்குள்ளும் எண்ணி முடியாத மண்டபங்கள், ஒவ்வொன்றிலும் ஓயாமல் உட்காருவதும் எழுவதுமாக வேலை, யாருடைய கையும் படாமல், யாரும் நன்றி சொல்லாமல், இத்தனை காலம் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. கொஞ்ச நாள்வரை மேலக்கரிசலில் யாரும் யார்மேலும் கை ஓங்கவில்லை.

தை மாதத்தில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பூவிகாவைத் தூக்கிக்கொண்டு வடிவும் கனிராஜும் போனார்கள். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர், பூவிகாவின் பெயரை ஒரு மருந்துக்குச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஏழாவது துண்டு என்று ஒன்று உண்டு, அதற்கு அடுத்தாற்போல ஒரு இடம் உண்டு என்று தாளில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். வடிவு குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"இந்த மருந்து நேரா அந்த எடத்துல போயி உக்காந்துக்கும்மா. விடுன்னு சொல்ற புரதம் வந்தா எடம் இருக்காது. தண்டுவடத்து நீர்ல ஊசி போட்டா, எல்லா நரம்புச் செல்லுக்கும் போயிச் சேரும். போனத முழுசாத் திருப்பிக் கொண்டு வரும்னு சொல்ல மாட்டேன். இருக்கறதப் போகாம நிறுத்தி வைக்கும்."

"எல்லாச் செல்லுக்குமா?"

"பெரும்பாலும்."

"இரவும் பகலும் உக்காந்திருக்குமா டாக்டர்? கை வலிச்சு எடுத்துராதா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. என்னவென்று திருப்பிக் கேட்க வாயெடுத்தவர், மேஜையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். பூவிகா அவருடைய பால்பாயின்ட் பேனாவைத் தன் உள்ளங்கையில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் தலையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். டிக், நுனி வெளியே வந்தது. டிக், உள்ளே போயிற்று. டாக்டர் எழுந்து வந்து, அவள் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஒன்றிலும் பலம் இல்லை. கட்டைவிரலைப் பிடித்தார், அது அவர் விரலைத் தள்ளியது. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"இந்த வெரலு மட்டும் எப்படி?" என்று கேட்டார்.

வடிவு கனிராஜைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத எங்க ஊரு பாத்துக்கிச்சு டாக்டர்" என்றாள். "மிச்சத்த நீங்க பாருங்க."